பனகல் பூங்கா கடை குறித்து

அன்புள்ள முருகனுக்கு,

பனகல் பூங்கா மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு வந்திருக்கும் கடையை உடனே பிடித்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். நிலையம் வந்தால் வியாபாரம் பெருகும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பனகல் பூங்கா இருக்கும் தியாகராய நகரே அப்படி வளர்ந்த ஊர்தான். மாம்பலம் ரயில் நிலையம் 1911-இல் வந்தது. 1920-களில் ஏரியைத் தூர்த்து நகரை அமைத்தார்கள். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ரயிலை விட்டு இறங்கியவர்கள் உஸ்மான் சாலைக்குப் போக நடந்தே தீர வேண்டிய வழியாக அமைந்ததால்தான், வெறும் குடியிருப்பாக இருந்த ரங்கநாதன் தெரு இன்று மூச்சு முட்டும் கடைவீதியாக நிற்கிறது. இதே தொலைவில் இருந்தும், அந்த நடைவழியில் இல்லாத தெருக்களுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

2023 மே மாதம் மாம்பலம் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து ஆகாய நடைபாதையைத் திறந்தபோது, கீழே வியாபாரம் படுத்துவிடும் என்று பலரும் அஞ்சினார்கள். பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மேலே போனார்கள். அவர்கள் எந்நாளும் நம் வாடிக்கையாளர்கள் அல்லர். புடவையைப் பையில் வைத்துக்கொண்டு, அதற்கு இணையான ரவிக்கைத் துணியும் ஃபால்ஸும் தேடி வருகிற பெண்கள் கீழேதான் நடக்கிறார்கள். காரில் வருகிறவர்கள் பட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நம்மைப் போன்ற மேட்சிங் கடைக்குச் சோறு போடுவது ரயிலிலும் பேருந்திலும் வருகிறவர்கள்தான்.

ஆகவே பூந்தமல்லிக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் இடையிலான 26.1 கிலோமீட்டர் மெட்ரோ தடத்தால் போரூர், வளசரவாக்கம் பக்கத்துப் பெண்கள் ஆற்காடு சாலை நெரிசலில் சிக்காமல் வருவது நமக்கு நல்லதே. ஆனால் பனகல் பூங்கா நிலையம் சுரங்கத்தில் இருக்கிறது. வெளியேறும் படிக்கட்டு எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தப் பக்கம்தான் கூட்டம் போகும். நீ சொல்லும் கடை அந்தப் படிக்கட்டின் எதிரே இருக்கிறதா, அல்லது சாலையைக் கடக்க வேண்டிய மறுபுறம் இருக்கிறதா என்பதை நேரில் நின்று பார்க்காமல் முன்பணம் கொடுக்க எனக்கு மனமில்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன். ரயில் வரும் முன்பே வாடகை வந்துவிடுகிறது. பணிக்காகத் தகரத் தடுப்பு நிற்கும் காலத்தில் நட்டத்தைத் தாங்குபவர் கடைக்காரர். தடுப்பை எடுத்ததும் லாபத்தை முதலில் எடுத்துக்கொள்பவர் கட்டட உரிமையாளர். பதினொரு மாத ஒப்பந்தத்தில் உட்கார்ந்தால், நாம் பழக்கி வைத்த வாடிக்கையாளர்களை அடுத்த ஆண்டு ஒரு கைப்பேசிக் கடைக்கு விட்டுக்கொடுத்து எழுந்து வர வேண்டியிருக்கும்.

எனவே நீ உரிமையாளரிடம் பேசும்போது ஐந்தாண்டுக்குக் குறையாத, பதிவு செய்த குத்தகையைக் கேள். ஆண்டுதோறும் எவ்வளவு உயர்த்துவார் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். பெரிய கடை வேண்டாம். நம் சரக்குக்கு அகலத்தைவிட வாசல் முக்கியம். இதற்கு அவர் இணங்கினால் முன்பணத்துக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். இணங்காவிட்டால், இருக்கும் கடையிலேயே லைனிங் துணிக்கு இன்னோர் அலமாரி அடித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா