ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் கோத்தகிரி அண்ணன்மார்களுக்கு

அண்ணன்மார்களே,

போன மழையில் சீகை மரம் சாய்ந்து எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. 1932லேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்த மலை இது, ஆனாலும் ஒரு காற்றடித்தால் நமக்கு மெழுகுவர்த்திதான், அதை விடுங்கள். உங்களில் ஒருவரிடம் 2 கேவிஏ ஜெனரேட்டர் எடுத்தேன். கூடவே ஒரு ஒயர் வந்தது, இரண்டு முனையிலும் பிளக். "மெயினை ஆஃப் பண்ணிட்டு எந்த பாயின்ட்லயும் சொருகுங்க, வீடு முழுக்க எரியும்" என்றார் கொண்டுவந்த தம்பி.

எரிந்தது. மறுநாள் காலை போஸ்ட் அடியில் நின்று லைன்மேன் கத்துகிறார், "யார் வீட்ல ஜெனரேட்டர் ஓடுது?" ஓடிப்போய்ப் பார்த்தால் மெயின் ஆனில் இருக்கிறது. ஈபி கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்க அம்மா தூக்கிவிட்டிருக்கிறார்.

போஸ்ட்டில் ஏறும் முன்னால் லைன்மேன் சோதித்துப் பார்த்ததால் பிழைத்தார். மெயின் ஆனில் இருந்தால் நம் ஜெனரேட்டரின் 230 வோல்ட் தெரு லைனுக்குப் போகும்; அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குள் தலைகீழாகப் போனால் மறுபக்கம் 11,000 வோல்ட் வரை ஏறும். தெருவே கரண்ட் இழுக்கும்போது சின்ன ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும் என்பீர்கள். லைன் அறுந்து கிடக்கும்போது இழுக்க மறுபக்கம் யார் இருக்கிறார்கள்? அப்புறம், ஒரு முனை சொருகியிருக்கும்போது மறுமுனையின் பின்னைக் குழந்தை தொட்டால்?

இதற்கு இருப்பது சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச். கைப்பிடி ஒன்றுதான்: ஒரு பக்கம் ஈபி, மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். இரண்டும் சேரவே முடியாது, யார் மறந்தாலும். சிங்கிள் பேஸ் வீட்டுக்கு 'டபுள் போல்' ஸ்விட்ச், அதாவது பேஸோடு நியூட்ரலும் வெட்டுப்பட வேண்டும். த்ரீ பேஸ் என்றால் 'நாலு போல்' ஸ்விட்ச். லைசென்ஸ் உள்ள வயர்மேன்தான் மாட்ட வேண்டும். அனுமதி இல்லாமல் ஈபி லைனோடு ஜெனரேட்டரைச் சேர்ப்பது சட்டப்படியும் தப்பு.

சேஞ்ச் ஓவர் இல்லாத வீட்டுக்கு நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொடுங்கள், பிரிட்ஜும் நாலு லைட்டும் நேராக அதில் ஓடட்டும். கீசர் மட்டும் கேட்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அது தனியாகவே 2,000 வாட் இழுக்கும். மழைக்குப் பயந்து ஜெனரேட்டரைச் சமையலறையில் வைக்காதீர்கள் என்றும் சொல்லுங்கள். கரி அடுப்பை மூடிய அறையில் வைத்துத் தூங்கிச் செத்த கதை நம் மலைக்குப் புதிதா? இதன் புகையிலும் அதே விஷ வாயுதான்.

அந்த ஒயர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, ஒரு பிளக்கை வெட்டி எறிந்துவிட்டேன். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்.