செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: கடல்தள வரைபடக் கூட்டமும் கட்டப்படாத சந்தாவும்

ஓய்வுபெற்ற துறைமுக சர்வேயர்களும் தூர்வாரும் கப்பல்காரர்களும் சேர்ந்த நம் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று வந்திருக்கும் பத்தொன்பது உறுப்பினர்களுக்கும் வணக்கம். கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு (கோரம்) இருபத்திரண்டு பேர் வேண்டும். ஆகவே விதிப்படி அரை மணி நேரம் ஒத்திவைத்துவிட்டு, அதே பத்தொன்பது பேரோடு மறுபடியும் தொடங்கியிருக்கிறோம். போன வருஷமும் இப்படித்தான். அந்த அரை மணியில் போண்டா தீர்ந்துவிட்டது என்பதையும் குறிப்பில் ஏற்றிவிடுகிறேன்.

வழக்கமான நிகழ்ச்சிகள் வழக்கம்போல் நடந்தன. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். ஆயுதபூஜையன்று அலமாரியிலிருக்கும் கோணம் பார்க்கும் பழைய செக்ஸ்டன்டுக்கும், கயிற்றில் கட்டி ஆழம் பார்க்கும் ஈயக்குண்டுக்கும் சந்தனப் பொட்டு வைத்தோம். பழவேற்காட்டுக்கு வேன் பிடித்தோம். பாதி வேன் காலி. சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. இவ்வாண்டு மூன்று மூத்த உறுப்பினர்களை இழந்தோம். அவர்களுக்கு எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய படிவங்கள் போய்விட்டன. தாமதக் கட்டணம் கொஞ்சம் ஆனது. அதைப் பொருளாளர் விளக்குவார்.

சரி, இனி கூட்டத்தைப் பற்றி.

கடல்தள வரைபட வல்லுநர்களின் சிறிய பன்னாட்டுக் கூட்டம் ஒன்றைச் சென்னையில் நாமே நடத்துவதென்று 2024 ஜூன் 21, உலக ஹைட்ரோகிராபி (கடலை அளந்து வரைபடமாக்கும் துறை) தினத்தன்று தீர்மானம் போட்டோம். 'போட்டோம்' என்று பன்மையில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. முன்மொழிந்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் தீர்மானப் புத்தகத்தில் பதினான்கு கையெழுத்து இருக்கிறது. "செயலாளர் தன்னிச்சையாகக் கிளம்பிவிட்டார்" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியவரின் கையெழுத்து அதில் ஆறாவது. பச்சை மை.

ஓய்வுபெற்ற துறைமுக சர்வேயர்களுக்கும் தூர்வாரும் கப்பல்காரர்களுக்கும் இந்த வேலை எதற்கு என்று கேட்டார்கள். ஒருமுறை விவரமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். உலகக் கடல்தளத்தில் நவீனக் கருவிகளால் அளந்தது 2017-இல் சுமார் 6 சதவீதம்தான். அந்த ஆண்டு, 2030-க்குள் முழுவதையும் அளந்து முடிப்பதென்று ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளையும் ஜெப்கோ என்ற பழைய பன்னாட்டு வரைபடக் குழுவும் சேர்ந்து 'சீபெட் 2030' திட்டத்தைத் தொடங்கின. நாம் தீர்மானம் போட்ட அன்று அளந்திருந்தது 26.1 சதவீதம். 2025 ஜூனில் 27.3. ஓராண்டில் கூடியது நாற்பது லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய இந்தியத் துணைக்கண்டத்தின் பரப்பு. அப்படியும் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்துக்கு நம்மிடம் இருப்பது செயற்கைக்கோள் கடல்மட்டத்தை அளந்து தரும் உத்தேசக் கணக்கு. அதில் பெரிய மலை தெரியும், சின்னக் குன்று தெரியாது.

நம் கடலைச் சொல்கிறேன். 2014-இல் காணாமல்போன மலேசிய விமானத்தைத் தெற்கு இந்தியப் பெருங்கடலில் தேடப் போனவர்கள், விமானத்தைத் தேடுவதற்கு முன்னால் கடல்தளத்தை அளக்க வேண்டியிருந்தது. கையில் உருப்படியான வரைபடம் இல்லை. 2004 டிசம்பர் 26 இங்கே யாருக்கும் மறந்திருக்காது. நம்மில் நாலைந்து பேர் அன்று காலை துறைமுகப் படகுத்துறையிலேயே இருந்தவர்கள். சுனாமி எந்த வேகத்தில் ஓடும் என்பதை ஆழம்தான் முடிவு செய்கிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு சுமார் 700 கிலோமீட்டர். கரையை நெருங்கும்போது அது எங்கே எம்பும் என்று கணக்குப் போட ஆழத்தின் எண் வேண்டும். 2017-இல் சீபெட் திட்டத்தார் உலகத்தைப் பிரித்துக்கொண்டபோது, இந்தியப் பெருங்கடலின் ஆழங்களைத் தொகுக்கும் பொறுப்பு அமெரிக்காவில் ஹட்சன் நதிக்கரையிலிருக்கும் லமாண்ட் ஆய்வகத்துக்குப் போனது. அவர்கள் நல்லவர்கள், கெட்டிக்காரர்கள். ஆனாலும் பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது, 'சாகர் நிதி' ஆய்வுக் கப்பல் இருக்கிறது, அரபிக்கடலின் அடியில் நம் திருச்சிக்காரர் சர் சி.வி.ராமன் பெயரில் ஒரு மலைத்தொடரே இருக்கிறது. மூன்று நாள் அவர்களும் இங்கே வந்து உட்காரட்டுமே என்பதுதான் என் வாதம்.

சிறிய சங்கம் பெரிய வேலைக்கு ஆசைப்படலாமா என்றும் கேட்டார்கள். ஜெப்கோவே 1903-இல் ஜெர்மனியின் வீஸ்பாடனில் சில அறிஞர்கள் கூடிப் பேசியதில் பிறந்ததுதான். மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட் கைக்காசைப் போட்டார், 1905-இல் இருபத்து நான்கு தாள்களாக முதல் பதிப்பு வந்தது. நம்மில் இளவரசர் யாரும் இல்லை, தெரியும். ஆண்டுக்கு அறுநூறு ரூபாய் கேட்பதற்கு இளவரசர் தேவையும் இல்லை.

தேதி பிடிப்பதற்கே நான்கு மாதம் ஆனது. ஆடியில் கல்யாண மண்டபங்கள் காலி, வாடகை பாதி என்றார் பொருளாளர். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் வடக்குக் கடல்களில் பனி விலகும், அளப்பவர்களில் பாதிப் பேர் கப்பலில் இருப்பார்கள். மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. ஆனால் டிசம்பரில் அமெரிக்காவில் புவி இயற்பியலாளர்களின் மாபெரும் ஆண்டுக் கூட்டம், பின்னாலேயே கிறிஸ்துமஸ். ஐப்பசி, கார்த்திகையில் புயல். தையில் முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். கடைசியில் 2027 மாசியில், இரண்டு முகூர்த்தங்களுக்கு நடுவே மூன்று நாள் கிடைத்தது.

மண்டபத்தைப் பார்க்க நானும் துணைத்தலைவர் அம்மாவும் போனோம். வருவதாகச் சொன்ன மற்ற நால்வருக்கும் அன்று வேறு வேலை. மணமகள் அறையில் சுவரொட்டிக் காட்சி, மணமகன் அறையில் மென்பொருள் பயிற்சி, கீழ்த்தளத்தில் பந்தி என்று கணக்குப் போட்டோம். நடுவில் ஒரு தூண். அதற்குப் பின்னால் உட்காருபவர்களுக்குத் திரை தெரியாது. ஒலியால் கடல்தளத்தைப் படமெடுக்கும் சைடு ஸ்கேனில் பாறைக்குப் பின்னால் விழும் நிழல் மாதிரி. அளந்த இடத்துக்கு மட்டும் நிறம் கொடுத்து, அளக்காததை வெள்ளையாக விட்டு அச்சடித்த வங்காள விரிகுடாத் தாளைத் தரையில் விரித்து, நான்கு மூலைக்கும் தண்ணீர் பாட்டில் வைத்தோம். கப்பல் போன தடங்கள் மட்டும் கோழி கிளறியதுபோல் கிடந்தன. வாட்ச்மேன் குனிந்து பார்த்துவிட்டு, "இது எந்த மாவட்டம் சார்?" என்றார். கடல் என்றேன். "இந்த வெள்ளையா இருக்கிற இடத்துல ஒண்ணும் இல்லையா?" யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். இத்தனை மாதத்தில் நம் உறுப்பினர் எவரும் அந்தத் தாளை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

முன்பணம் இருபத்தையாயிரம். இதுபற்றிப் பல கதைகள் உலவுவதால் சொல்கிறேன். பதினான்கு ஆண்டுகளாக வங்கியில் தூங்கும் கட்டட நிதியிலிருந்து அது எடுக்கப்பட்டது. தலைவர் தொலைபேசியில் சம்மதம் சொன்னார். பின்னால் ரயில் சத்தம் கேட்டது, இருந்தாலும் சம்மதம் சம்மதம்தான். அப்புறம் மண்டபம் கைமாறிவிட்டது. புதிய நிர்வாகம் ரசீதைப் பார்த்துவிட்டு "பேசலாம்" என்கிறது. நான் ஆறு முறை போய்விட்டேன். ஆட்டோ கட்டணத்தைச் சங்கத்திடம் கேட்கவில்லை.

வெளிநாட்டினர் வர, மாநாட்டு விசா வேண்டும். அதற்கு முன் வெளியுறவு அமைச்சகத்தின் அனுமதி, உள்துறை அமைச்சகத்தின் அனுமதி. கூட்டத்தில் காட்டும் வரைபடங்களில் நம் நாட்டின் எல்லை சரியாக இருக்க வேண்டும். கப்பல்காரர்கள் பையில் சேட்டிலைட் போன் இல்லாமல் கிளம்ப மாட்டார்கள். உரிமம் இல்லாமல் இங்கே கொண்டுவந்தால் கைது வரை போகும். அழைப்புக் கடிதத்தில் அதைத் தடித்த எழுத்தில் போட்டேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தேநீர்ச் செலவை ஏற்பதாக எழுதியது. வாங்க முடியாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும். அதற்கு மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்த சங்கமாக இருக்க வேண்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட ஒரு கிளையில் கணக்கு வேண்டும். நம் சங்கம் பிறந்த நாள் முதல் செய்த செலவை எல்லாம் கூட்டினாலும் அந்த லட்சங்கள் வராது.

கடிதங்கள் நாற்பத்தொன்று அனுப்பினேன். பெரும்பாலும் நிப்பான் அறக்கட்டளையின் உதவியில் 2004 முதல் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு ஆறு பேர் வீதம் பயிற்சி பெற்றுத் தம் நாட்டுக்குத் திரும்பியவர்களுக்கு. ஆளில்லாப் படகை வைத்து ஆழ்கடலை அளந்து 2019-இல் ஷெல் எக்ஸ்பிரைஸ் போட்டியில் வென்ற அணி இவர்களுடையதுதான். பதில் வந்தது பதின்மூன்று. அதில் மூன்று, "கடலில் இருக்கிறேன், திரும்பியதும் எழுதுகிறேன்" என்று கணினி தானாகவே அனுப்பியது. இரண்டு பேர் நீங்கள் யார் என்று கேட்டிருந்தார்கள், நியாயமான கேள்வி. ஏழு பேர் வருகிறேன் என்றார்கள். ஒருவர் காரம் குறைவாகக் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்.

நிகழ்ச்சி நிரலில் எனக்குப் பிடித்தது இரண்டாம் நாள் பிற்பகல். ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி இறக்கி, ஒட்டிக்கொண்டு வரும் மணலையும் சேற்றையும் விரலில் தேய்த்துப் பார்த்தே இடம் சொன்ன மூத்தவர்கள் இருவர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களோடு காசிமேட்டு மீனவப் பெரியவர் ஒருவரையும் பேசவைக்க எண்ணம். படகில் ஒலியால் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் இருந்தாலும் ஆழத்தைப் பாகக் கணக்கில்தான் (விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம்) சொல்வார். கரையில் இருக்கும் கோபுரத்தையும் புகைபோக்கியையும் ஒரே கோட்டில் பிடித்து நிறுத்தி, இதற்குக் கீழே பார் (மீன் கூடும் பாறைத்திட்டு) இருக்கிறது என்பார். போய்க் கேட்டேன். வலையைத் தைத்துக்கொண்டே தலையசைத்தார். "பேசுறேன் சார். ஆனா பார் எங்க இருக்குன்னு மட்டும் சொல்ல மாட்டேன்." நாடுகளும் எண்ணெய்க் கம்பெனிகளும் இதையேதான் நீண்ட நீண்ட கடிதங்களில் சொல்கின்றன. அளந்துவைத்தும் வெளியே தராத ஆழங்கள் உலகில் ஏராளம். கூட்டத்தின் விஷயமே அதுதான் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

ஏற்பாட்டுக் குழுவில் பதினொரு பேர். எட்டுக் கூட்டம் நடந்தது. அதிகபட்சமாக நான்கு பேர் வந்தார்கள், அதுவும் பொங்கலுக்கு முந்தைய வாரம், காலண்டர் கொடுத்தபோது. ஒரு கூட்டத்தில் நானும் மின்விசிறியும்தான். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் குட் மார்னிங் படம் தவறாமல் வருகிறது. உடல்நிலை சரியில்லாதவர்களை நான் சொல்லவில்லை. பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் வேலையும் எனக்குத் தெரியும். எனக்கும் பேரன் இருக்கிறான். ஆனால் கையெழுத்துப் போட்டவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வரவு செலவு: வரவும் செலவும் ஏறக்குறைய சமம். தணிக்கையாளர் சில சிறு குறிப்புகள் எழுதியிருக்கிறார்; அவை கணக்குப் பிரிவு பற்றியவை, கவலைப்பட ஒன்றுமில்லை. முன்பணம் 'வர வேண்டியது' என்ற தலைப்பில் இருக்கிறது. உறுப்பினர் எழுபத்தொருவரில் இவ்வாண்டுச் சந்தா செலுத்தியவர்கள் இருபத்தொன்பது பேர். மூன்றாண்டு பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் போடலாமா என்று செயற்குழுவில் பேசினோம். செயற்குழுவினர் இருவரின் பெயரும் அதில் வந்ததால் அந்தப் பொருள் ஒத்திவைக்கப்பட்டது.

நன்றி: இடம் தந்த கட்டட உரிமையாளருக்கு, தணிக்கையாளருக்கு, வேன் ஓட்டுநருக்கு, தேநீர்க் கடைக்காரருக்கு, துணைத்தலைவர் அம்மாவுக்கு. பெயர் விடுபட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு பற்றி மனம்விட்டுச் சொல்கிறேன். அமைச்சகங்களுக்கான விண்ணப்பங்களை இந்த டிசம்பருக்குள் அனுப்ப வேண்டும். அதில் சங்கத்தின் கடைசி மூன்றாண்டுக் கணக்கையும் இணைப்பதாக இருக்கிறோம். எழுபத்தொரு பேரில் இருபத்தொன்பது பேர்தான் சந்தா கட்டுகிறார்கள் என்பது டெல்லியில் ஒரு மேசையில் தெரியப்போகிறது. என் முழங்கால் முன்போல் இல்லை. மாடியேற யாராவது முன்வந்தால் செயலாளர் பொறுப்பையும், நாற்பத்தொரு கடிதங்களையும், மண்டப ரசீதையும் இன்றே கொடுத்துவிடத் தயார். ஆள் இல்லையென்றால், வருகிறேன் என்ற அந்த ஏழு பேருக்கும் வாக்குக் கொடுத்தவன் என்ற முறையில் இன்னொரு வருஷம் பார்க்கிறேன். தேர்தல் அடுத்த பொருளாக இருக்கிறது, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

பொருளாளர் வெளியே செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். ரசீதுப் புத்தகம் புதிது. சில்லறையும் வைத்திருக்கிறார், ஜீபேயும் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்