ஹூர்ட்கன் காட்டிலிருந்து வந்து எழுதுகிறேன்

அன்புள்ள முருகேசா,

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. மாடிப்படி ஏறாதே. தங்கச்சி சொல்வதைக் கேள்.

நான் இன்னும் ஜெர்மனியில், ஆகன் நகரத்தில் மகன் வீட்டில்தான் இருக்கிறேன். போன ஞாயிறு என்னைப் பக்கத்தில் இருக்கும் ஹூர்ட்கன் காட்டுக்குக் கூட்டிப்போனான். வந்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

இரண்டாம் உலகப் போரில், 1944 செப்டம்பரில் அமெரிக்கப் படை இந்தக் காட்டுக்குள் நுழைந்தது. பிப்ரவரி வரை சண்டை ஓயவில்லை. செத்தவர், காயம்பட்டவர், நோயில் விழுந்தவர் என்று அமெரிக்கர் பக்கம் குறைந்தது 33,000 பேர். ஜெர்மானியர் பக்கம் சுமார் 28,000.

அங்கே மரமே எமனாகிவிட்டது முருகேசா. பீரங்கிக் குண்டு மர உச்சியில் பட்டு வெடிக்கும். இரும்புச் சில்லும் மரச்சிராயும் சேர்ந்து தலைக்கு மேலிருந்து கொட்டும். குண்டு வந்தால் குப்புறப் படு என்பதுதான் பயிற்சி. இங்கே படுத்தவனுக்கு முதுகு முழுக்கக் காயம். அதனால் மரத்தை இறுக்கக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினார்கள். அப்புறம் மழை, சேறு, கண்ணிவெடி. நாள்கணக்கில் நனைந்த பூட்ஸுக்குள் கால் அழுகியது. சர்க்கரை நோயாளிகளின் காலுக்கு எத்தனை வருஷம் கட்டுப் போட்டிருப்பாய், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நவம்பர் 2-ம் தேதி அமெரிக்கர்களின் 28-வது டிவிஷன் என்ற பெரிய படைப்பிரிவு இறங்கியது. மறுநாளே பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஷ்மிட் கிராமத்தைப் பிடித்தார்கள். ஆனால் டாங்கியும் தோட்டாவும் போய்ச்சேர வழி? கல் என்ற ஓடையைத் தாண்டும் ஒரே ஒரு செங்குத்தான காட்டுத்தடம். அதில்தான் நாங்கள் நடந்தோம். டாங்கியின் சங்கிலித் துண்டு ஒன்று இன்னும் தரையில் பதிந்து கிடக்கிறது. குனிந்து தொட்டேன், சில்லென்று இருந்தது. 4-ம் தேதி ஜெர்மானியர் டாங்கிகளோடு வந்து கிராமத்தைத் திரும்பப் பிடித்தார்கள். அந்த ஒரு டிவிஷனில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இழப்பு.

எனக்கு ஆறாதது என்னவென்றால், பக்கத்தில் ரூர் ஆற்றின் அணைகள் இருக்கின்றன. ஜெர்மானியர் அவற்றைத் திறந்துவிட்டால் அமெரிக்கர்களால் கீழே ஆற்றைக் கடக்கவே முடியாது. முதலில் அணைகளைக் குறியாக வைக்காமல், காட்டுக்காகவே பையன்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரியில் பெரிய அணையைப் பிடித்தபோது ஜெர்மானியர் மதகை உடைத்துவிட்டார்கள். வெள்ளம் வடிய இரண்டு வாரம் ஆனது.

சரி, உனக்கு எழுத உட்கார்ந்ததே அந்தக் கல் ஓடையின் மேல் இருக்கும் பாலத்தைப் பற்றிச் சொல்லத்தான். அதே நவம்பரில் குந்தர் ஸ்டுட்கன் என்ற ஜெர்மன் ராணுவ டாக்டர் அமெரிக்கர்களோடு பேசி, சில மணி நேரம் சண்டையை நிறுத்தவைத்தார். 7-ம் தேதியிலிருந்து 12-க்குள் இப்படிப் பலமுறை. இரு தரப்பு டாக்டர்களும் மருத்துவ உதவியாளர்களும் சேர்ந்து, எந்த நாட்டுக்காரன் என்று பார்க்காமல் காயத்துக்கு மருந்து போட்டிருக்கிறார்கள். அவருக்கு அப்போது 25 வயதுதான். பிறகு பெர்லினில் தோல் மருத்துவப் பேராசிரியராக இருந்திருக்கிறார். பாலத்தில் இப்போது அதற்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றேன்.

நீ நாற்பது வருஷம் வார்டில் நின்றவன். எதிரிப் படையின் பையன் ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டால் மனசில் என்ன ஓடும்? உன்னிடம்தான் கேட்கத் தோன்றியது. எழுது.

அடுத்த மாதம் ஊருக்கு வந்துவிடுவேன்.

அன்புடன்,
சுப்பையா