பூட்டிய கட்டுரைகள்

ஆசிரியருக்கு,

ஆய்விதழ்களின் சந்தாக் கட்டணம் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். கட்டணத்தைக் குறைக்கச் சொல்வது சரி. ஆனால் அதுவரை ஆய்வாளர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. 1991-இல் இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் (arXiv) என்னும் இணையதளத்தில், இயற்பியலாளர்கள் தங்கள் கட்டுரைகளை இதழில் வரும் முன்பே இலவசமாக வைத்து வருகிறார்கள். அதனால் இயற்பியல் இதழ்கள் ஒன்றும் அழிந்துவிடவில்லை. இப்படி முன்பதிப்பு வெளியிடுவதைப் பிற துறைகளிலும் பல இதழ்கள் அனுமதிக்கின்றன.

என் தாயாரின் நோய் பற்றிய கட்டுரை ஒன்றைத் தேடியபோது, பணம் கட்டினால்தான் திறக்கும் என்றது இதழின் தளம். எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். அன்றிரவே பிரதி வந்தது. எல்லோருக்கும் இப்படிக் கேட்கத் தோன்றுமா? பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வு என்றால், இதழ் ஏற்றுக்கொண்ட கட்டுரையின் பிரதியை உடனே, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இணையக் களஞ்சியத்தில் சேர்ப்பதை நிதியுதவியின் நிபந்தனையாக்க வேண்டும்.

– ஒரு வாசகர்