பல்லை எண்ணினால் போதாது, நூல் பிடித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய புல்லட் பராமரிப்பு பற்றி ஞாயிற்றுக்கிழமை வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் ஆள் மாற்றி ஆள் படித்தோம். நல்ல கட்டுரைதான். ஆனால் செயின் டைட் வைக்கும்போது, பின் ஆக்சிலின் இரண்டு முனையிலும் வீலை முன்பின் நகர்த்த இருக்கிற அட்ஜஸ்டரில் பல்லை எண்ணிச் சமமாக வைத்தால் பின்வீல் நேராக நின்றுவிடும் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். ஐம்பது வருஷ வண்டிக்கு அதை நம்பாதீர்கள்.

என்னுடையது 1974 மாடல் 350 சிசி புல்லட், திருவொற்றியூரில் செய்தது, அப்பா ஓட்டிய வண்டி. போன வருஷம் காரைக்குடியில் ஒரு பட்டறையில் புது செயினும், அது ஓடுகிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் போட்டேன். அன்றிலிருந்தே வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. பிள்ளையார்பட்டிக்குப் போகும்போது குன்றக்குடி தாண்டி மழை ஈரத்தில் பின்பக்கம் அலைந்தது பாருங்கள், பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தார், எனக்கு வீடு வந்து சேரும்வரை கை நடுக்கம் நிற்கவில்லை. பட்டறையில் கேட்டால், “ரெண்டு பக்கமும் ஆறாவது பல்லுதான் சார், பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்” என்று முடித்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஸ்ப்ராக்கெட் பற்களின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கண்ணாடி மாதிரி மின்னுகிறது, மறுபக்கம் புதுசாகவே இருக்கிறது. வீல் கோணலாக நின்றதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

அப்போது எங்கள் பள்ளத்தூர் வீட்டில் சுண்ணாம்புப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. நான் வண்டியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்த கொத்தனார் தன் நூலை எடுத்துக்கொண்டு வந்தார். “அண்ணே, நூல் தொட்டும் தொடாமலும் நிக்கணும். அமுக்கிப் பிடிச்சா நூலே பொய் சொல்லும்” என்றார். அவர் சுவருக்குச் சொன்னது அப்படியே வீலுக்கும் பொருந்தியது.

முதலில் ரிம்மில் கோட்டம் இல்லையென்று பார்த்துவிடுங்கள். வீலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது லொடலொடவென்றால் பேரிங்கோ, பின்வீலைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷோ போயிருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் நூல் பிடித்துப் பயனில்லை. சென்டர் ஸ்டாண்ட் கால் நூலில் இடிக்கும், அதனால் ஸ்டாண்டை எடுத்துவிட்டு ஒரு ஆள் வண்டியை நிமிர்த்தி, ஹேண்டில்பாரை நேராகப் பிடித்துக்கொள்ளட்டும். பின் டயருக்குப் பின்னால் நூலைச் சுற்றி, தரையிலிருந்து ஒரே உயரத்தில் இரண்டு முனையையும் முன்வீலைத் தாண்டிக் கொண்டுபோய் இழுத்துப் பிடியுங்கள். அகலமாகப் பிடித்து மெல்ல உள்ளே கொண்டுவந்தால், பின் டயரின் முன் ஓரத்தை நூல் தொடுகிற இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்தி, முன் டயருக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். இரண்டு டயரும் 3.25 அங்குல அகலம் என்றால் நூல் முன் டயரையும் ஒட்டினாற்போல் போகும். பின்னால் 3.50 போட்டிருந்தால் இரண்டு பக்கமும் சின்ன இடைவெளி, ஆனால் சமமாக இருக்க வேண்டும். இடது பக்கம் அதிகமென்றால் பின்வீல் இடது பக்கம் பார்க்கிறது, வலது அட்ஜஸ்டரைப் பின்னுக்குத் தள்ள வேண்டும்.

என் வண்டியில் வலது பக்கம் ஒரு பல் கூடுதலாக வைத்த பிறகுதான் நேராக வந்தது. எந்தக் காலத்திலோ விழுந்து ஸ்விங் ஆர்ம் லேசாக வளைந்திருக்கலாம், அட்ஜஸ்டரை மாற்றிப் போட்டிருக்கலாம். பல்லுக்கு அதெல்லாம் தெரியாது. என் மகன், முகப்பில் ஆத்தங்குடிக் கல் வரிசையை வைத்தே பார்க்கலாமே என்றான். வண்டியை அந்த வரிக்கு நேராக நிறுத்துவதே பெரும்பாடு, நூலில் அந்தத் தொல்லை கிடையாது.

ஆக்சில் நட்டை முறுக்கும்போது வீல் நகரும், அதனால் முறுக்கிய பிறகு இன்னொரு தடவை நூல் பிடித்தே ஆக வேண்டும். இதை ஒருவரும் செய்வதில்லை. செயினையும் வீலைச் சுற்றிச் சுற்றி, இருப்பதிலேயே இறுக்கமான இடத்தில் வைத்து மேலும் கீழும் ஆட்டம் பாருங்கள், ஓர் அங்குலமாவது இருக்கட்டும். அப்புறம் பின் பிரேக் ராடு. வீல் நகர்ந்தால் அதுவும் மாறிவிடும், அட்ஜஸ்ட் செய்யாமல் ரோட்டில் இறங்காதீர்கள்.

இப்போது தேவகோட்டை, புதுவயல் பக்கமெல்லாம் இளம் பிள்ளைகள் பழைய புல்லட்டைத் தேடி வாங்கி குரோமுக்கும் சைலன்சருக்கும் ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள். நூலுக்குச் சில ரூபாய்தான். பட்டறைக்காரர்களும் வண்டியைக் கொடுக்கும் முன் பத்து நிமிஷம் ஒதுக்கி வாடிக்கையாளர் கண் முன்னால் நூல் பிடித்துக் காட்ட வேண்டும். அடுத்த ஞாயிறு இந்த முறையை ஒரு படத்தோடு போடுங்கள் ஐயா, படத்தில் நூல் பின் டயரை எங்கே தொடுகிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பள்ளத்தூர்