மறுபடி வேலைக்கு வரும் சுமதிக்கு

அன்புள்ள சுமதி,

பையனைப் பள்ளியில் சேர்த்தாயிற்று, அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இனி நீ வேலைக்குப் போகலாம் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள் என்று படித்ததும் எனக்கு அத்தனை சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். அப்பாதான் சர்க்கரை மாத்திரை விஷயத்தில் ஏமாற்றுகிறார். ஆஸ்பத்திரியில் மருந்து ஆய்வில் சேர்ந்த நோயாளிகள் திருப்பித் தரும் மாத்திரை அட்டைகளை நாள் முழுக்க எண்ணுகிறேன். வீட்டில் ஒரு அட்டையை எண்ணப் போனால் சண்டை வருகிறது.

சரி, மறுபடி மருத்துவ ஆய்வு வேலைக்கு வர ஒரு வருஷ டிப்ளமோ படிக்கட்டுமா என்று நீ கேட்டதற்கு வருகிறேன். அது வேண்டாம். அவ்வளவு பணம் கட்டி, ஆய்வுத் திட்டமான புரோட்டோகால் என்றால் என்ன, ஆய்வுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டி என்றால் என்ன என்று முதலிலிருந்து நீ ஏன் படிக்க வேண்டும்? பி.ஃபார்ம் இருக்கிறது, ஆய்வுக் கோஆர்டினேட்டராக, ஆய்வு நடக்கும் ஆஸ்பத்திரியில், அதாவது சைட்டில் நின்று வேலை பார்த்த அனுபவம் இருக்கிறது. நீ இல்லாத நாட்களில் மாறியதைத் தெரிந்துகொள்ள வேண்டும், அன்றைக்கே உனக்குத் தடுமாற்றமாக இருந்த ஒன்றிரண்டு வேலைகளைச் சரியாகப் பழக வேண்டும். இரண்டுக்கும் சின்னச் சின்னக் கோர்ஸ்களே போதும்.

முதலில் ஜிசிபி, அதாவது மருத்துவ ஆய்வை முறையாக நடத்துவதற்கான பயிற்சி. உன் பழைய சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். அது புதிதாகக் கையில் இல்லாமல் எந்த சைட்டும், யார் எந்த வேலை செய்யலாம் என்று எழுதும் டெலிகேஷன் லாகில் உன் பெயரை எழுதாது. அமெரிக்காவின் போதைப்பொருள் ஆராய்ச்சி நிறுவனமான நைடா நடத்தும் கோர்ஸ் இலவசம்தான். 12 பாடம், ஏறக்குறைய 6 மணி நேரம், சான்றிதழ் 3 வருஷம் செல்லும். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து நடக்கும் குளோபல் ஹெல்த் நெட்வொர்க்கிலும் இலவசமாக ஒன்று உண்டு. எதை எடுத்தாலும், டிரான்ஸ்செலரேட் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். பெரிய மருந்து கம்பெனிகள் சேர்ந்து வைத்திருக்கும் அமைப்பு அது. அந்த அங்கீகாரம் இருந்தால், ஆய்வுக்குப் பொறுப்பேற்கும் ஒவ்வொரு ஸ்பான்சர் கம்பெனியும் தன் கோர்ஸைத் திரும்பப் படி என்று கேட்பது கொஞ்சமாவது குறையும். முழுக்க நிற்காது. ஒரே சமயத்தில் இரண்டு ஸ்டடி ஓடினால், ஒரே பாடத்தை இரண்டு கம்பெனியின் பக்கத்திலும் உட்கார்ந்து 'அடுத்தது, அடுத்தது' என்று தட்டத்தான் வேண்டியிருக்கிறது. ஆடிட்டுக்கு வருகிறவர்கள் சான்றிதழின் தேதியைப் பார்க்கிறார்கள். என்ன படித்தாய் என்று யாரும் கேட்டதில்லை.

மாறியது என்று பார்த்தால் முக்கியமானது, ஜிசிபிக்கான சர்வதேச வழிகாட்டியான ஐசிஎச் இ6-இன் மூன்றாம் திருத்தம், ஆர்3. 2025 ஜனவரியில் இறுதி வடிவம் வந்தது. நாம் படித்த ஆர்2-வில் 13 கோட்பாடுகள் இருந்தன, இதில் 11. எண்ணிக்கை கிடக்கட்டும். எல்லாத் தாளையும் ஒரே மாதிரி துருவாதே, நோயாளியின் பாதுகாப்பையும் ஆய்வு முடிவின் நம்பகத்தையும் எது தொடுகிறதோ அங்கே கண்ணை வை என்பதுதான் அதன் சாரம். டேட்டாவைக் கையாள்வதற்கென்று தனிப் பகுதியே எழுதியிருக்கிறார்கள். மனிதர்களை வைத்து நடக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கான நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனத்தையும் 2024 அக்டோபரில் திருத்தினார்கள். நம் ஊரில், 2025 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளுக்காக ஆய்வை நடத்தித் தரும் சிஆர்ஓக்களும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவு செய்தாக வேண்டும். இன்டர்வியூவில் ஆர்3 பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அரை நாள் வெபினார் ஒன்றில் உட்கார்ந்தால் சமாளித்துவிடலாம்.

ஆனால் வெளிநாட்டு ஜிசிபி கோர்ஸ்களில் நம் சட்டம் வராது. 2019-இன் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளைத் தனியாகப் படித்தே ஆக வேண்டும். எஸ்ஏஇ, அதாவது நோயாளிக்குக் கடுமையான பாதிப்பு, நடந்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் மூன்று இடத்துக்குத் தெரிவிக்க வேண்டும், 14 நாளுக்குள் அலசல் அறிக்கை போக வேண்டும் என்பது உனக்கும் மனப்பாடம்தான். நோயாளி பொங்கலுக்கு ஊருக்குப் போய், நெஞ்சுவலி என்று அங்கேயே வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்து, மூன்றாம் நாள் மகன் போன் பண்ணிச் சொன்னால் என்ன செய்வாய்? தாமதத்துக்கான காரணத்தை எப்படி எழுதுவது, அந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியை எப்படி வாங்குவது, அது கைக்கு வரும்வரை முதன்மை ஆய்வாளரான பிஐ எதை வைத்து எழுதுவார்? இப்படிப்பட்ட கேஸ்களைக் கொடுத்துக் குழுவாக உட்கார்ந்து போடச் சொன்னார்கள், நான் போன ஒருநாள் வகுப்பில். நஷ்டஈட்டுக் கணக்கையும் பேப்பரில் போட வைத்தார்கள். அடிப்படைத் தொகை 8 லட்சம், அதன் மேல் வயதுக்கு ஒரு காரணி, நோயின் தீவிரத்துக்கு ஒரு காரணி. விதியில் படித்துப் புரியாத ஃபார்முலா, இரண்டு பேருக்குக் கணக்குப் போட்டதும் புரிந்துவிட்டது.

எனக்கு மிகவும் பயன்பட்டது கன்சென்ட், அதாவது ஆய்வில் சேர நோயாளியின் சம்மதம் வாங்குவது பற்றிய பயிற்சி. அரை நாள்தான். ஸ்லைடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒருவர் நோயாளி, ஒருவர் மகன், ஒருவர் கோஆர்டினேட்டர் என்று நடிக்கவிட்டார்கள், மற்றவர்கள் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைத் தற்செயலுக்கு விடும் ரேண்டமைசேஷனைச் சொல்ல நாம் எல்லோரும் சீட்டுக் குலுக்கல் என்றுதானே சொல்வோம்? என் முறை வந்தபோது நானும் அதையே சொன்னேன். நோயாளியாக உட்கார்ந்திருந்த நர்ஸ் உடனே, 'அப்ப எனக்குச் சீட்டு விழுந்தா நல்ல மருந்து, விழாட்டி ஒண்ணும் இல்லையாம்மா?' என்று கேட்டார். குலுக்கல் என்றால் மனிதர்களுக்குப் பரிசுதான் ஞாபகம் வருகிறது. இரண்டில் எது நல்லது என்று டாக்டருக்கே இன்னும் தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆய்வு, அதனால்தான் யாருக்கு எது என்பதை டாக்டர் தேர்ந்தெடுப்பதில்லை. இதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் சீட்டுக்கு வர வேண்டும். இப்போது அப்படித்தான் சொல்கிறேன்.

அடுத்து, சொல்லி முடித்ததும் 'புரிந்ததா?' என்று கேட்கக் கூடாதாம். நம் ஊரில் அதற்குத் தலையாட்டல்தான் பதில். 'டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்மா' என்று பேனாவைத் தேடுவார்கள். 'வீட்டுக்குப் போனதும் உங்க வீட்டுக்காரம்மா இது என்னன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?' என்று கேள் என்றார்கள். போன வாரம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த பெரியவரிடம் அப்படித்தான் கேட்டேன். 'புது மாத்திரை ஃப்ரீயா குடுக்குறாங்க, மாசாமாசம் ரத்தம் எடுப்பாங்க' என்றார். நடுவில் விலகிக்கொள்ளலாம் என்பது அவர் காதிலேயே விழவில்லை. மறுபடி உட்கார வைத்துச் சொன்னேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் முழு நேரமும் கூட இருந்தாக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, வெளியே, ஆய்வுப் பதிவுகளைச் சரிபார்க்க வந்த மானிட்டர் காத்திருந்தார். இருக்கட்டும்.

ஆராய்ச்சிக் கட்டுரை படிக்க உனக்கு ஆசை உண்டு என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். சென்னையில் இருக்கும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம், ஆராய்ச்சி அடிப்படைகள் பற்றி இலவசமாக ஆன்லைன் கோர்ஸ் நடத்துகிறது. பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் பணம் கட்டிப் பரீட்சை எழுத வேண்டும். டாக்டர்களை மனதில் வைத்துச் செய்தது, ஆனாலும் நமக்குப் புரியும். இதை முடித்த பிறகுதான், நாங்கள் நிரப்பும் ஒரு கட்டம் எந்த அட்டவணையில் போய் எண்ணாக நிற்கிறது என்பது எனக்குத் தெளிவானது. அந்தச் சூட்டோடு, 1956-இல் மெட்ராஸில் தொடங்கிய காசநோய் ஆய்வின் கட்டுரையைத் தேடிப் படித்தேன். 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. சானடோரியத்தில் படுத்து நல்ல சாப்பாட்டோடு மருந்து எடுத்தவர்களும், நெரிசலான வீட்டில் அரை வயிற்றுக்குச் சாப்பிட்டு மருந்து எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு குணமானார்கள் என்று காட்டிய ஆய்வு. உலகம் முழுக்கக் காசநோய்க்கு வீட்டில் இருந்தே மருந்து என்ற வழக்கத்துக்கு அது பெரிய காரணம். வீடு தேடிப் போய் மருந்து எடுத்துக்கொண்டார்களா என்று பார்த்தவர்களின் குறிப்பு இல்லாமல் அந்த முடிவு ஏது? அவர்களைக் கோஆர்டினேட்டர் என்று யாரும் அன்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

எக்செல் மறந்திருந்தால் ஒரு வார இறுதி வகுப்பு போய்விடு. அலட்சியமாக நினைக்காதே. 28-ஆம் நாள், மூன்று நாள் முன்பின் என்று நோயாளி வர வேண்டிய விசிட் இருக்கும், அது சரியாகத் தீபாவளியில் போய் விழும். சேரும் தேதியைப் போட்டதும் எல்லா விசிட்டையும் கணக்கிட்டு, விடுமுறையில் விழுவதைச் சிவப்பாகக் காட்டும் ஷீட் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். உனக்கு அனுப்புகிறேன்.

இந்தப் பயிற்சிகளுக்கு நேரம் யார் தருவார்கள் என்று கேட்டிருந்தாய். உண்மையைச் சொன்னால் யாரும் தருவதில்லை. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஞாயிற்றுக்கிழமை, சொந்தக் காசில்தான் போனேன். சான்றிதழின் நகலை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார்கள். நீ சேரும்போதே, பயிற்சிக்கு வருஷத்துக்கு எத்தனை நாள் லீவு, கட்டணம் யார் கட்டுவது என்று சம்பளத்தோடு சேர்த்துப் பேசிவிடு. அப்புறம் கேட்டால் நடக்காது. எனக்கு இப்போது இருக்கும் பிஐ நல்ல மாதிரி, போய்வந்தால் மற்றவர்களுக்கு அரை மணி நேரம் சொல்லிக் கொடுக்கணும் என்பது மட்டும்தான் அவர் நிபந்தனை.

ஜிசிபியை இந்த மாதமே முடி. சான்றிதழ் வந்ததும் உன் சிவியோடு எனக்கு அனுப்பு. கோயம்புத்தூரில் புற்றுநோய் ஸ்டடி ஒன்றுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று எங்கள் மானிட்டர் சொன்னார், அவரிடம் கொடுக்கிறேன். அத்தையைக் கேட்டதாகச் சொல். கண்ணில் சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல்.

அன்புடன்,
மீனா