கில்லார்னி போட்டோ கிடைத்தது

அன்பு மகள் சுஜாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி முன்னைக்குப் பரவாயில்லை. போனில் பேசினால் நீ டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே பேசுகிறாய். நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அங்கே மழையா என்று கேட்டு வைத்துவிடுகிறேன். அதனால் தாளில் எழுதி, ஜெபினை விட்டுப் படம் எடுத்து அனுப்புகிறேன். நிதானமாகப் படி.

கில்லார்னி போட்டோ கிடைத்தது. அயர்லாந்தில் இப்படியும் ஓர் ஏரி இருக்கிறதா, நன்றாக இருக்கிறது. அம்மா கொடுத்துவிட்ட பச்சைப் பட்டைக் கட்டியிருக்கிறாய். ஏரி பார்க்கப் போகிறவள் பட்டுச்சேலையா கட்டிக்கொண்டு போவாள் என்று அம்மா கேட்டாள். அந்த ஊர்க் குளிருக்குப் பட்டு நல்லது என்று ஏதோ சொல்லி வைத்தேன். மேரி டீச்சர் மகன் பார்த்துவிட்டு, கில்லார்னியில் ஏரி மட்டுமில்லை மாமா, பெரிய மண்டபம் ஒன்றும் இருக்கிறது, அங்கே வேறு விசேஷமெல்லாம் நடக்கும் என்றான். அவன் எப்போதும் அப்படித்தான் பாதி சொல்லிப் பாதி விழுங்குவான். அதை விடு.

நைட் டியூட்டி முடிந்தால் பஸ்ஸுக்கு நிற்காதே. டாக்ஸியில் போ. டப்ளினில் நம்மாட்களைத் தாக்கிய செய்தி வந்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் சரியில்லை. எனக்கும்தான்.

நீ போன நாளிலிருந்து அயர்லாந்து ஆடுகிற கிரிக்கெட் ஆட்டம் எதையும் நான் விடுவதில்லை. முன்பு அது நமக்கு யாரோ ஆடுகிற ஆட்டம். 2011 மார்ச் 2, உலகக் கோப்பையின் பெங்களூரு ஆட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்குப் பரீட்சை நேரம், டிவியை அணைக்கச் சொல்லி அம்மா சத்தம் போட்டதும் பிறகு நடந்ததும் நமக்குத் தெரிந்த கதைதான். இங்கிலாந்து 327. அயர்லாந்து கேப்டன் போர்ட்டர்ஃபீல்டு முதல் பந்திலேயே போல்டு. 111 ரன்னுக்கு ஐந்து விக்கெட் போனதும் நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போகப் பார்த்தேன். நீதான், தலைமுடிக்கு ரோஸ் சாயம் அடித்தவன் இன்னும் நிற்கிறான் அப்பா என்றாய். கெவின் ஓப்ரையன் 50 பந்தில் நூறு அடித்தார், 63 பந்தில் 113. ஐந்து பந்து மிச்சம் வைத்து ஜெயித்தார்கள். அந்த அணியை உனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று போல. நான்தான் கவனிக்கவில்லை.

சின்ன அணி என்று சொல்கிறார்கள். சின்னதுதான், ஆனால் பழசு. 1855லேயே இங்கிலாந்துக் கனவான்கள் அணியோடு மோதியிருக்கிறார்கள். பார்னெல் என்று அவர்களுடைய பெரிய அரசியல் தலைவர், நம் காமராஜர் மாதிரி வைத்துக்கொள், அவரே கிரிக்கெட் ஆடியவர். அப்புறம் அது வெள்ளைக்காரன் ஆட்டம் என்று ஆகிவிட்டது. அவர்களுடைய பாரம்பரிய விளையாட்டுகளை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர் கிரிக்கெட் ஆடினாலும், வேடிக்கை பார்த்தாலும்கூட வெளியே தள்ளிவிடுவார்களாம். 1971 வரைக்கும் அந்தத் தடை இருந்திருக்கிறது. ஒரு ஆட்டத்தை நின்று பார்த்ததற்காக ஒருவன் நம்மாளா இல்லையா என்று முடிவு கட்டினால் என்ன நியாயம், சொல்.

அந்தத் தடை இருந்த காலத்திலேயே 1969ல் சயன் மில்ஸ் என்ற சின்ன ஊரில் மேற்கிந்தியத் தீவுகளை 25 ரன்னுக்குச் சுருட்டினார்கள். 12 ரன்னுக்கு ஒன்பது விக்கெட் என்று கிடந்ததாம். முந்தின இரவு விருந்தாளிகளை நன்றாகக் குடிக்க வைத்துவிட்டார்கள் என்று ஒரு கதையும் உலாவுகிறது. ஜெயித்தவனைப் பற்றி இப்படிக் கதை கட்டாத ஊர் எது?

இன்னொன்று. அந்த அணி தெற்கு, வடக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒரே அணி. வடக்கு பிரிட்டனைச் சேர்ந்தது, தெற்கு தனி நாடு. ஆட்டக்காரர்களில் ஸ்டர்லிங் வடக்கே பெல்ஃபாஸ்ட்காரர், பால்பர்னி தெற்கே டப்ளின்காரர். ஆட்டத்துக்கு முன் எந்த நாட்டுத் தேசியகீதமும் பாடாமல் பொதுவாக வேறொரு பாட்டைப் பாடுகிறார்கள். வடக்கில் பிறந்தவர்கள் இரண்டு பாஸ்போர்ட்டும் வைத்துக்கொள்ளலாமாம். நம் நாட்டில் அது கிடையாது. ஒன்றை எடுத்தால் மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சட்டம் அப்படி, நான் சும்மா சொன்னேன்.

உனக்கு எட் ஜாய்ஸைத் தெரியுமோ என்னவோ. டப்ளினில் பிறந்தவர், இடது கை பேட்ஸ்மேன். அண்ணன் தம்பி தங்கை என்று அந்த வீட்டில் ஐந்து பேர் அயர்லாந்துக்கு ஆடியிருக்கிறார்கள். 2007 உலகக் கோப்பைக்கு அயர்லாந்து தகுதி பெற்றதில் இவர் அடித்த ரன்னுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்தக் கோப்பை வருவதற்குள் இவர் இங்கிலாந்து அணிக்குப் போய்விட்டார். 2006 ஜூன் 13, பெல்ஃபாஸ்ட். அயர்லாந்துக்கு அதுதான் முதல் சர்வதேச ஒருநாள் ஆட்டம், எதிரில் இங்கிலாந்து. இங்கிலாந்துப் பக்கம் எட் ஜாய்ஸுக்கு அன்றுதான் முதல் ஆட்டம். அயர்லாந்துப் பக்கம் அவர் தம்பி டோமினிக்குக்கும் அன்றுதான் முதல் ஆட்டம். அந்த அம்மா அன்று யாருக்குக் கைதட்டியிருப்பாள் என்று உன் அம்மாவிடம் கேட்டேன். ரெண்டு பேரும் நல்லா ஆடட்டும்னு ஜெபம் பண்ணியிருப்பா, வேற என்ன என்றாள். சட்டென்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டாள். நான்தான் ரொம்ப நேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் உலகக் கோப்பையில் அயர்லாந்து ஜமைக்காவில் பாகிஸ்தானை வீழ்த்தியது. அன்று அவர்களுடைய புனித பேட்ரிக் திருநாள், மார்ச் 17. பாகிஸ்தான் 132க்கு ஆல் அவுட். டிரென்ட் ஜான்ஸ்டன் சிக்ஸர் அடித்து முடித்தார், அவர் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். பாதிப் பேர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆட வந்தவர்கள். அதே நாள்தான் நம்மாட்கள் வங்கதேசத்திடம் தோற்றார்கள், அதனால் நம் வீட்டில் அயர்லாந்தை யாரும் கவனிக்கவில்லை. பிறகு கயானாவில் இங்கிலாந்தோடு ஆட்டம். எட் ஜாய்ஸ் 1 ரன். போல்டு ஆக்கியது பாய்ட் ராங்கின். இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த ராங்கினும் பிறகு இங்கிலாந்துக்குப் போனார், சிட்னியில் ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார், திரும்பி வந்துவிட்டார்.

போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அயர்லாந்துக்கு அப்போது டெஸ்ட் கிடையாது, ஆட்டத்தை நம்பிக் குடும்பம் நடத்தச் சம்பளமும் கிடையாது. திறமை இருக்கிறவன் என்ன செய்வான்? நீ இங்கே முதல் வேலையில் வாங்கிய சம்பளம் எனக்குத் தெரியாதா? பஸ் செலவு போக மிச்சம் எவ்வளவு என்று நாம் உட்கார்ந்து கணக்குப் போட்டது மறக்கவில்லை. இன்று நம் தெருவில் உன்னைச் சொல்லாமல் யாரும் தன் பிள்ளையை நர்ஸிங் சேர்ப்பதில்லை. கோவில் கட்டட நிதிக்கு நீ அனுப்பியதைப் பாஸ்டர் பெயர் சொல்லி வாசித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன், ஆனால் காது நிமிர்ந்துதான் இருந்தது.

அதற்காக மாதக்கணக்கில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மழை, மருந்து என்று மட்டும் பேசுவது உனக்கு அழகா? சரி, விடு.

மோர்கன் கதைதான் கொஞ்சம் கசக்கும். நீ இருக்கிற சுவார்ட்ஸ் பக்கத்தில் ரஷ் என்று கடற்கரை ஊர் இருக்கிறதே, அந்த ஊர்ப் பையன். அயர்லாந்துக்கு முதல் ஒருநாள் ஆட்டத்தில் 99ல் ரன் அவுட். 2009ல் இங்கிலாந்துக்குப் போனார். 2019 ஜூலை 14, லார்ட்ஸில் இங்கிலாந்து கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கினார். பத்தே நாளில் அதே மைதானத்தில் அயர்லாந்து டெஸ்ட் ஆட வந்தது. முர்டா 13 ரன் கொடுத்து ஐந்து விக்கெட், இங்கிலாந்து 85க்குக் காலி. நான் எழுந்து நின்றுவிட்டேன். கடைசியில் இவர்களே 38க்கு ஆல் அவுட் ஆகித் தோற்றார்கள். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் மகள் இருக்கிற ஊர் என்பதற்காக ஒருத்தன் இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று ஜெபின் சிரித்தான்.

ஜாய்ஸ் திரும்பி வந்ததைச் சொல்லவில்லையே. இங்கிலாந்து பிறகு அவரைக் கூப்பிடவில்லை. அயர்லாந்து அவரைத் திரும்பக் கேட்டது, சர்வதேச கிரிக்கெட் கவுன்சில், நாடு மாறி ஆடுகிறவர் காத்திருக்க வேண்டிய காலத்தைக் குறைத்துக் கொடுத்தது. பெங்களூரில் நாம் பார்த்தோமே, அந்த ஆட்டத்தில் அயர்லாந்துக்காக 32 எடுத்தது அவர்தான். ஏன் போனாய் என்று அங்கே யாரும் வாசலில் நிறுத்திக் கேட்டதாகத் தெரியவில்லை. 2017ல் டெஸ்ட் அந்தஸ்து வந்தது. 2018 மே மாதம் முதல் டெஸ்ட், மாலஹைடில், பாகிஸ்தானோடு. நீ விமானம் ஏறிய வருஷம். முதல் நாள் முழுக்க மழை. ஜாய்ஸுக்கு அப்போது வயது 39. அந்த ஒரு டெஸ்ட் ஆடிவிட்டு ஓய்வு பெற்றுவிட்டார். ராங்கினும் அதில் ஆடினார். கெவின் ஓப்ரையன் 118 அடித்தும் தோற்றார்கள், இருந்தாலும் ஆடிவிட்டார்கள். மாலஹைட் உனக்குப் பஸ்ஸில் போகிற தூரம்தானே, ஒரு ஆட்டமாவது போய்ப் பார் என்று எத்தனை தடவை சொன்னேன். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ.

நம் நாடு முதல் டெஸ்டை ஜெயிக்க 1932லிருந்து 1952 வரை இருபது வருஷம் ஆனது. அதுவும் நம் சேப்பாக்கத்தில், வினு மன்கட் பன்னிரண்டு விக்கெட் எடுத்து. அயர்லாந்து எட்டாவது டெஸ்டிலேயே ஜெயித்துவிட்டது, 2024ல் அபுதாபியில், ஆப்கானிஸ்தானை. நான் உனக்குப் போன் பண்ணி 'ஜெயிச்சிட்டோம்' என்றேன். நீ 'யாருப்பா, இந்தியாவா?' என்று கேட்டாய். அப்புறம் சிரித்தாய். உன் வாயால் அந்தச் சிரிப்பைக் கேட்டு நாளாகிறது.

இப்போது ஒரு காரியம். மேலவிளைத் தென்னந்தோப்பை உன் பேருக்கும் தம்பி பேருக்கும் பிரித்து எழுதலாம் என்று இருக்கிறேன். ஞானமணி சித்தப்பா விஷயத்தில் ஆச்சி செய்ததை நான் செய்ய மாட்டேன், அது உனக்கும் தெரியும். பத்திரம் எழுதுகிறவரைப் போய்ப் பார்த்தேன். மகளிடம் என்ன பாஸ்போர்ட் இருக்கிறது என்று கேட்டார்.  வெளிநாட்டில் இருக்கிற மகளுக்கு, இந்தியப் பாஸ்போர்ட் என்றாலும், வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த நம்மாட்களுக்கு நம் அரசு தருகிற ஓசிஐ அட்டை என்றாலும், விளைநிலத்தைத் தானமாக எழுத முடியாதாம், உயிலில் எழுதி வைத்தால் பிற்பாடு வாரிசாக வருவதில் தடையில்லையாம். எந்தப் பாஸ்போர்ட் ஆனாலும் பங்கு பங்குதான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்கிறார்.

ஆகவே இந்தியப் பாஸ்போர்ட்டா ஓசிஐ அட்டையா, அதை மட்டும் எழுது. வாட்ஸாப்பில் ஒரே வார்த்தையாக இருந்தாலும் போதும். மாதக் கடைசிக்குள் சொன்னால் உயிலை எழுதி முடிக்கச் சௌகரியமாக இருக்கும்.

அன்புடன்,
அப்பா